லீக்கா, யூனியனா? மகனுக்காகக் கேட்ட ஒரு தாய்க்கு

மேற்குச் சிட்னியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 14 வயது. எட்டு வயதிலிருந்து டூங்காபிப் பக்கத்துக் கிளப் ஒன்றில் ரக்பி லீக் ஆடுகிறான். அணியில் இரண்டாவது வரிசை. கடந்த ஒரு வருடத்தில் 9 செ.மீ. வளர்ந்துவிட்டான். இப்போது ஒரு தனியார் பள்ளி பாதிக் கட்டணச் சலுகையோடு அவனைக் கூப்பிடுகிறது. அங்கே ரக்பியின் இன்னொரு வகையான யூனியன்தான். 'லீக்கை விட்டால் என்ஆர்எல் (தேசியத் தொழில்முறை லீக் தொடர்) கனவு போச்சு' என்கிறார் கிளப் பயிற்சியாளர். கொழும்பில் படித்த அவன் அப்பாவோ, 'யூனியன்தான் உண்மையான ரக்பி, ஆபத்தும் குறைவு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இளைய மகளும் இப்போது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

மேற்குச் சிட்னியில் இயன்மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு ஆட்டங்களிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளி படிப்புக்கும் நல்ல பள்ளி என்று உங்களுக்குத் தோன்றினால், போகட்டும். யூனியன் ஆடுவதால் 14 வயதில் எந்தக் கதவும் மூடாது. ஆனால் பள்ளியில் யூனியன், கிளப்பில் லீக் என்று இரண்டையும் ஒரே பருவத்தில் முழுமூச்சாக ஆடவிடாதீர்கள். என் பயமெல்லாம் அதில்தான்.

உங்கள் கணவர் யூனியனை 'உண்மையான ரக்பி' என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. இலங்கையில் பள்ளி ரக்பி என்றால் யூனியன்தான். 1945 முதல் றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் அந்த ஆட்டத்தில்தான். அதைப் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு ஸ்க்ரத்தில் (இரு அணியினரும் பிணைந்து மோதி நிற்கும் இடத்தில்) தள்ளுமுள்ளே இல்லாத லீக் பாதி ஆட்டமாகத் தெரியலாம். ஆனால் லீக் பிறந்த கதை வேறு. இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காகக் கூலியை இழந்தார்கள். அதை ஈடுகட்டக் கூடாது என்று இங்கிலாந்து ரக்பி சங்கம் பிடிவாதமாக நிற்க, 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. சிட்னியிலும் அதே வழக்குத்தான். 1907இல் கிரிக்கெட் வீரர் விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுப் பொருள் கடையில் பேசிப் பேசி உருவான லீக், 1908இல் முதல் போட்டித் தொடரை நடத்தியது. தனியார் பள்ளிகள் யூனியனோடு நின்றன. தொழிலாளர் குடியிருப்புகள் லீக்கை எடுத்துக்கொண்டன. உங்கள் கடிதத்தில் பள்ளி ஒரு பக்கமும் கிளப் ஒரு பக்கமும் இழுப்பது அந்தப் பழைய பிரிவின் தொடர்ச்சிதான். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். லீக்கில் 13 பேர், யூனியனில் 15 பேர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய வித்தியாசம், டேக்கிளுக்கு, அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து நிறுத்துவதற்கு, பிறகு பந்து யாருக்கு என்பதில் இருக்கிறது. லீக்கில் பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டுத் தொடர்கிறான். எதிரணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். ஆறு டேக்கிள் முடிந்தால் பந்து கைமாறும். யூனியனில் எண்ணிக்கையே கிடையாது. விழுந்தவன் பந்தை விட்டே ஆக வேண்டும், அந்த நொடியிலிருந்து அது யாருக்கும் சொந்தமில்லை. அதற்காக நடக்கும் போராட்டம்தான் ரக். அதோடு எட்டுப் பேர் எட்டுப் பேரைத் தள்ளும் ஸ்க்ரம், ஆளைத் தூக்கிப் பந்தைப் பிடிக்கும் லைன்அவுட்.

இதனால் உடம்புக்கு வரும் வேலையும் மாறுகிறது. அண்மைக்கால உலகக் கிண்ண யூனியன் ஆட்டங்களில் 80 நிமிடத்தில் பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் 35 நிமிடத்தை ஒட்டித்தான். லீக்கில் அதைவிட நன்றாகவே அதிகம். ஓடு, மோது, எழு, பின்வாங்கு, மறுபடி ஓடு. என்ஆர்எல்லில் நடுவில் நிற்கும் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 40 டேக்கிள் செய்வது அபூர்வமல்ல. யூனியனில் இடைவெளி கூடுதல், ஆனால் கழுத்துக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் பாரம் அதிகம். உடம்பு வகையும் அங்கே பலவிதம்: குட்டையாகக் கட்டையாக இருப்பவனுக்கும் இடமுண்டு, பனை மாதிரி உயர்ந்தவனுக்கும் இடமுண்டு.

உங்கள் மகன் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'இரண்டாவது வரிசை' என்று எழுதியிருக்கிறீர்கள். லீக்கில் அந்த ஆள் 11 அல்லது 12ஆம் எண் சட்டையோடு ஓரப்பக்கத்தில் வேகமாக ஓடி இடைவெளியை உடைப்பவன். யூனியனில் அதே பெயர் கொண்டவன் 4 அல்லது 5ஆம் எண். ஸ்க்ரத்தின் நடுவில் தலையைச் செருகி நெம்புபவன், லைன்அவுட்டில் தாவுபவன். பெயர்தான் ஒன்று, வேலை வேறு. அவன் இப்போது செய்வதற்கு யூனியனில் நெருக்கமான இடம் ஸ்க்ரத்தின் ஓரத்திலும் பின்னாலும் நிற்கும் ஃப்ளாங்கர் அல்லது எட்டாம் எண். வேகம் நன்றாக இருந்தால் பின்னால் நடுவில் ஓடும் சென்டர். புதிய பயிற்சியாளர் உயரத்தைப் பார்த்ததும் லைன்அவுட்டுக்கு இழுப்பார். இழுக்கட்டும், அது நல்ல கல்வி. ஆனால் முதல் வருடத்திலேயே ஸ்க்ரத்தின் முன்வரிசையில் போடப்பார்த்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். 19 வயதுக்குக் கீழ் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஸ்க்ரத்தைத் தள்ளக்கூடாது என்று விதி இருப்பது உண்மைதான். என்றாலும் கழுத்து அதற்குப் பழகவும் உத்தி படியவும் மாதங்கள் ஆகும்.

கிளப் பயிற்சியாளர் சொல்வதற்கு இதிலேயே என் பதில் இருக்கிறது. பந்தைப் பிடிப்பது, இரு கையாலும் பாஸ் கொடுப்பது, கால் மாற்றி ஏமாற்றுவது, நேர்மையான டேக்கிள்: இவை எங்கே கற்றாலும் கூடவே வரும். பின்னால் நின்று பந்தை வாங்கி ஓடும் பின்வீரர்கள் இரண்டு திசையிலும் சுலபமாகத் தாவுகிறார்கள். ஜோசஃப் சுஆலிஈ பள்ளியில் யூனியன் ஆடியவர். 2021இல் 17 வயதிலேயே சிட்னி ரூஸ்டர்ஸ் கிளப்புக்காக என்ஆர்எல்லில் இறங்கினார். 2024 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக யூனியனில் அவுஸ்திரேலியாவுக்கு அறிமுகமாகி ஆட்டநாயகனும் ஆனார். அதே ஆண்டு மார்க் நவகனிடவாசே எதிர்த் திசையில், அவுஸ்திரேலிய யூனியன் அணியான வல்லபீஸிலிருந்து ரூஸ்டர்ஸுக்குப் போனார்.

ஸ்க்ரத்தில் இறங்கும் முன்வீரர்களுக்கு மட்டும் பாதை ஒரு பக்கம் சற்றே செங்குத்து. சாம் பர்ஜஸ் லீக்கின் மாபெரும் முன்வீரர். 2014இன் இறுதியில் யூனியனுக்கு வந்தார். கிளப் அவரை ஃப்ளாங்கராக ஆடவிட்டது, 2015 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து சென்டராக நிறுத்தியது. சுமார் ஒரு வருடத்திலேயே சிட்னிக்கே திரும்பிவிட்டார். திறமை குறைவென்று யாரும் சொல்ல முடியாது. ரக்கில் எப்போது கை வைக்கலாம், எப்போது விலக வேண்டும் என்ற அந்தக் கண்பார்வை வளர்ந்த பிறகு லேசில் வருவதில்லை. ஆகவே என் கணிப்பு இது: முன்வீரனாக ஆடும் பையன் 14 முதல் 17 வரை யூனியனில் கழித்தால், பிறகு லீக்குக்குத் திரும்பலாம். லீக்கிலேயே இருந்துவிட்டு 22 வயதில் யூனியனுக்கு வருவது அதைவிடக் கடினம்.

பயிற்சியாளர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. லீக்கின் இளையோர் படிக்கட்டு இங்கே மிகத் தெளிவானது: 17 வயதுக்குக் கீழ் ஹரல்ட் மத்தியூஸ் கிண்ணம், 19க்குக் கீழ் எஸ்ஜி பால், 21க்குக் கீழ் ஜெர்சி ஃப்ளெக். தேர்வாளர்கள் அங்கேதான் நிற்பார்கள். தொழில் இடங்களும் உள்நாட்டில் லீக்கில்தான் கூடுதல். என்ஆர்எல்லில் 17 கிளப். அதில் ஒன்பது சிட்னியையும் அதை ஒட்டிய இடங்களையும் சேர்ந்தவை. யூனியனின் தொழில்முறைத் தொடரான சூப்பர் ரக்பியில் மெல்பன் அணி 2024இல் முடிந்த பிறகு அவுஸ்திரேலியாவுக்கு மிஞ்சியது நான்கே அணிகள். மறுபுறம் யூனியன் கற்றவனுக்குப் பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் என்று வெளியூர் வாசல்கள் உண்டு. எனினும் சகோதரி, எந்தப் பக்கம் போனாலும் தொழில் வீரனாவது ஆயிரத்தில் ஒருவன். கனவைக் கலைக்கச் சொல்லவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கனவைத் தராசில் முதல் கல்லாகப் போடாதீர்கள்.

உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை. லீக்கில் பெண்களுக்கான தேசியத் தொடர் 2018இல் தொடங்கியது, யூனியனில் சூப்பர் டபிள்யூவும் அதே ஆண்டுதான். யூனியனின் எழுவர் ஆட்டம் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2016 ரியோவில் அதன் முதல் தங்கத்தை வென்றவர்கள் அவுஸ்திரேலியப் பெண்களே. வேகமாக ஓடும் பிள்ளை என்றால் எழுவரைக் காட்டிக் கொடுங்கள்.

ஆபத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 'யூனியனில் ஆபத்து குறைவு' என்பதை நான் ஏற்கவில்லை. லீக்கில்தான் குறைவு என்றும் சொல்ல மாட்டேன். இரண்டிலும் அதிகக் காயம் டேக்கிளில் நடக்கிறது. யூனியனில் மூளையதிர்ச்சி பிடிபடுபவனைவிடப் பிடிக்கப் போகிறவனுக்கே கூடுதலாக வருகிறது, ஏனென்றால் தலையைத் தவறான பக்கம் வைக்கிறான். அதனால் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பயிற்சியாளரைக் கவனியுங்கள். ஒரு மாலை போய்ப் பாருங்கள். டேக்கிளை முழங்காலில் நின்று, மெதுவாக, தலை எங்கே என்று திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுக்கிறாரா? அல்லது 'இடி, இடி' என்று கத்திக்கொண்டு நிற்கிறாரா?

இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து ஆடுவதில் என் பயம் எதுவென்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். சனிக்கிழமை பள்ளிக்காக யூனியன் ஆடினான், ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காக லீக். சனிக்கிழமை தலையில் அடிபட்டது. பள்ளிக்குத் தெரியும், கிளப்புக்குத் தெரியாது. அவனும் வாயைத் திறக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. மறுநாள் இன்னொரு அடி. பல வாரம் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி, வகுப்பில் வெளிச்சம் தாங்காது. அவனைப் பரிசோதித்தபோது நான் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. 2024இல் அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்கிறது: அறிகுறிகள் முற்றிலும் நின்று 14 நாள் கழிந்த பிறகே மோதல் பயிற்சி, அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்தே போட்டி. இந்தக் கணக்கு பிள்ளையின் தலைக்கு, கிளப்புக்கு அல்ல. எங்கே அடிபட்டாலும் மற்ற இடத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

வளர்ச்சி இன்னொரு காரணம். ஒரு வருடத்தில் 9 செ.மீ. என்றால் எலும்பு முன்னே ஓட, தசைநார் பின்னால் இழுபடுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே அல்லது குதிகாலில் வலி என்றால் 'வளரும் வலி' என்று தைலம் தடவி அனுப்பாதீர்கள், காட்டுங்கள். வாரத்தில் ஒழுங்கமைந்த விளையாட்டு மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பலர் கைக்கொள்ளும் அளவு. அவனுக்கு 14 மணிநேரம்; பள்ளி உடற்பயிற்சி, கிளப், ஜிம் எல்லாம் சேர்த்து.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு, வாய்ப்பேச்சு போதாது, கடிதமாகவே வாங்குங்கள். பருவம் முழுக்கக் காயத்தால் ஆடமுடியாமல் போனால் சலுகை தொடருமா? அவனே ரக்பி வேண்டாம் என்று சொன்னால்? கட்டணம் ஏறும்போது பாதி என்பது பாதியாகவே இருக்குமா? சீருடை, பயணம், விளையாட்டு முகாம் செலவு யார் தலையில்? பருவம் முடிந்ததும் கிளப்பில் பயிற்சிக்குப் போகத் தடை உண்டா? பதில் மழுப்பலாக வந்தால், அவன் இப்போது இருக்கும் கிளப்பிலேயே இன்னொரு குளிர்காலம் நண்பர்களோடு சந்தோஷமாக ஆடட்டும். 15 வயதிலும் யூனியன் தொடங்கலாம்.

அவனைத் தனியாக உட்கார வைத்து ஒருமுறை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்பா பேசுகிறார், பயிற்சியாளர் பேசுகிறார், அவன் குரல் மட்டும் இல்லை. அந்தப் பள்ளி அணியோடு இரண்டு வாரம் மோதலில்லாத பயிற்சிக்குப் போய்வர அனுமதி கேளுங்கள். திரும்பி வரும் வழியில் காரில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம்; அவனாகப் பேசத் தொடங்குகிறானா என்று மட்டும் பாருங்கள்.