இரண்டு காலும் வீங்கினால் பயம் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினால்?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது. மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் 15 மணி நேரம் விமானத்தில் போக வேண்டும். பல வருடங்களாகச் சர்க்கரை, பி.பி. இரண்டும் இருக்கின்றன. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், அம்லோடிபின் சாப்பிடுகிறேன். போன முறை இறங்கும்போது இரண்டு காலும் செருப்பே நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டன. இரண்டு நாளில் வடிந்தன. ஜன்னலோர சீட். பக்கத்தில் இருப்பவர்களை எழுப்பி பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். "காலில் ரத்தம் கட்டிவிடும், ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறு" என்கிறார்கள் தெரிந்தவர்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஆஸ்பிரின் வேண்டாம் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீக்கம். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கி, வலி இல்லாமல், ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் ரத்தக்கட்டு அல்ல. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கித் தேங்குவது யாருக்கும் நடக்கும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கணுக்கால் வீக்கம் உங்கள் பி.பி. மாத்திரையான அம்லோடிபினின் பக்க விளைவுகளில் ஒன்று. வீட்டில் இருக்கும்போதும் சாயங்காலம் கால் கனத்து, விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ அவர் மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வீக்கம் அல்ல, கூச்சத்தால் எழுந்திருக்காமலே இருந்தது. காலுக்கு இறங்கிய ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஆழத்தில் உள்ள சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மேலே போனது திரும்பி வராமல் உள்ளே இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் உட்கார்ந்தால் அந்த பம்ப் நின்றுவிடுகிறது. சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியானால், அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். உயிருக்கே ஆபத்து அங்கேதான்.

இதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் ரத்தக்கட்டு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. பஸ், ரயில், கார் பயணத்துக்கும் இது பொருந்தும். முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதிக உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

அதனால் டிக்கெட் போடும்போதே நடைபாதையை ஒட்டிய சீட் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கேபின் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். கண், மூக்கு, தொண்டை எல்லாம் காயும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக எழுவீர்கள், எழுந்தால் நடப்பீர்கள். போன முறை நீங்கள் தவிர்த்த அந்த நடைதான் இந்த முறை உங்களுக்கு மருந்து.

உட்கார்ந்திருக்கும்போதும் கால் சும்மா இருக்கக் கூடாது. குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் இறுகித் தளர்வது கைக்குத் தெரிய வேண்டும். மணிக்கு ஒரு முறை இருபது முப்பது தடவை செய்தால் போதும். கைப்பையை முன் சீட்டுக்கு அடியில் திணித்தால் காலை நீட்ட இடம் இருக்காது, மேலே வைத்துவிடுங்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மடங்கிய காலோடு ஐந்தாறு மணி நேரம் அசையாமல் கிடக்க வைத்துவிடும்.

முழங்காலுக்குக் கீழே போடும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை) வீக்கத்தை நன்றாகக் குறைக்கும். ரத்தம் உறைவதையும் குறைக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் சுருங்கியிருந்தால் இந்த இறுக்கமே புண்ணாக்கிவிடும். பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்து மருத்துவர் சரி என்றால் மட்டும், கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து வாங்குங்கள். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் போட வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு போல இறுக்கினால் உடனே சரிசெய்யுங்கள்.

இப்போது ஆஸ்பிரின். தமனிகளில் உண்டாகும் அடைப்பைத் தடுப்பதில்தான் அதற்குப் பலம் அதிகம். கால் சிரையில் உறையும் ரத்தத்தின் மீது அதன் பிடி குறைவு. வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தோ நிச்சயம் உண்டு. பயணத்துக்காக மட்டும் அதைப் போட்டுக்கொள்வதில் நியாயமில்லை. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தொடரலாம். ரத்தக்கட்டு வந்த அனுபவம் உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டால் வேறு மருந்து இருக்கிறது. அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடைக் கவனியுங்கள். அதைப் போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கும். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். விமானத்தில் இருக்கும் வரை கடிகாரம் உங்கள் ஊர் நேரத்திலேயே இருக்கட்டும். நேரக் குழப்பத்தில் ஒரு நாள் மாத்திரையை இரண்டு முறை விழுங்கியவர்கள் உண்டு. கையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். மருந்துகள் எல்லாம் மருந்துச் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலின் போடும் வாசகர்களுக்கும் சொல்கிறேன்: சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

வயிறு உப்புவது சகஜம். கேபின் அழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. குடலில் உள்ள வாயு அங்கே விரிகிறது. இடுப்பை இறுக்காத உடை போதும். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இறங்கிய பிறகு இரண்டு வாரம் காலைக் கவனியுங்கள். அபூர்வமாக எட்டு வாரம் வரைகூட ரத்தக்கட்டு வரலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம் என்றால் ஆம்புலன்ஸையே அழைக்கச் சொல்லுங்கள். சதைப்பிடிப்பு என்று நினைத்து அந்தக் காலைத் தேய்க்கவோ அமுக்கவோ விடாதீர்கள். என்றைக்கு இறங்கினீர்கள், எத்தனை மணி நேரம் விமானத்தில் இருந்தீர்கள் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.