பஸ்ஸை விட்டு 'கெட் டவுன்' ஆகலாமா?

ஆங்கிலம் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'கெட்' (get) என்ற சொல்லைப் பற்றியவை. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நேர்காணலில், வண்ணார்பேட்டையில் 'கெட் டவுன்' ஆனேன் என்றேன். 'கெட் ஆஃப்' என்று திருத்தினார்கள். நான் சொன்னது தவறா? (வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: நம் நாட்டில் கண்டக்டர் முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் அது புரியும். 'இறங்கு' என்று நினைத்துப் பேசுவதால் 'டவுன்' தானாக ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்துக்காரர் காதிலோ ஏணியில் இருந்தும் மரத்தில் இருந்தும் கீழே வருவது போல் அது விழும். பஸ், ரயில், விமானம் என்றால் அவர்களுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. பாபநாசம் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள்: படியில் கால் வைத்து ஏறி, கம்பியைப் பிடித்தபடி உள்ளே நடந்து போகிறோம். அப்படி எழுந்து நடக்க இடம் இருந்தால் 'ஆன்'. ஆட்டோவில் தலையைக் குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும், அது 'இன்'. பைக்கில் மேலே உட்காருவதால் மறுபடி 'ஆன்'. இந்த ஒரு திருத்தத்துக்காக மனம் தளர வேண்டாம். தேர்வில் எழுதும்போது மட்டும் 'ஆஃப்' போடுங்கள், போதும்.

கேள்வி: 'வேக் அப்', 'கெட் அப்' இரண்டும் ஒன்றா? (மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: இல்லை. "முழிச்சாச்சு, இன்னும் எந்திரிக்கல" என்று வீட்டில் சொல்கிறோமே, அதே வித்தியாசம்தான்.

கேள்வி: 'கெட் பை' என்பதில் 'பெறுவது' எங்கே இருக்கிறது? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: "கடை எப்படிப் போகுது அண்ணாச்சி?" "ஏதோ ஓடுது." அந்த 'ஓடுது'தான் 'கெட்டிங் பை'. வட ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் 'கெட்'. அங்கே அதற்குப் 'பெறு' என்றுதான் பொருள். அப்புறம் பல பக்கம் கிளை விட்டுவிட்டது. நம் 'எடு' மாதிரி. பேர் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, ஓட்டம் எடுக்கிறான். இதில் எதையாவது கையால் தூக்குகிறோமா? தமிழில் பொருளை மாற்றுவது முன்னால் வரும் சொல், ஆங்கிலத்தில் பின்னால் வரும் குட்டிச் சொல். ஆகவே 'கெட் பை', 'கெட் ஓவர்' என்று சேர்த்தே நோட்டில் எழுதிப் படியுங்கள்.

கேள்வி: 'கெட் அவே', 'கெட் அவே வித்'? (வாசகி, தென்காசி)

பதில்: தோப்பில் மாங்காய் பறித்தவன் காவல்காரர் வருவதற்குள் ஓடிவிட்டால் 'காட் அவே'. பறித்தது யார் என்று ஊருக்கே தெரிந்தும் ஒரு திட்டுகூட வாங்கவில்லை என்றால் 'காட் அவே வித் இட்'. அந்த 'இட்', மாங்காய் பறித்த செயல்.