படகு வாடகையோடு முடிந்துவிடுமா?

கேள்வி: துருக்கியில் கேப்டன், சமையல்காரரோடு ஒரு வாரம் தனிப் படகு எடுக்கப் போகிறோம். வாடகை தவிர வேறு செலவு உண்டா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நிறைய உண்டு. சொகுசு மோட்டார் படகென்றால் டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணத்துக்கு வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை தனியாக முன்பணம் வாங்குவார்கள். மிச்சம் திரும்ப வரவேண்டும். கணக்கைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊழியர்களுக்கு அன்பளிப்பு வேறு.

என்னைக் கேட்டால் ‘குலெட்’ எனும் மரப்படகே போதும். துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள கோஜெக், ஃபெத்தியே ஊர்கள் பக்கம் மறைவான விரிகுடாக்கள் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் துருக்கிக்கு மேற்கே உள்ள ஏஜியன் கடலில் ‘மெல்தெமி’ வடகாற்று பலமாக வீசும். வயிறு புரட்டும் ஆசாமி வீட்டில் இருந்தால் (எங்கள் வீட்டில் நான்தான்) செப்டம்பருக்குத் தள்ளிவிடுங்கள். அப்போதும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்புறம், பெரிய சூட்கேஸ் வேண்டாம். அறையில் வைக்க இடமிருக்காது. மடிக்கிற துணிப்பை போதும்.