கீழே இறக்கிவிடுவோம் என்கிறார்களே, எந்த வழியாக?

கேள்வி: காஷ்மீர் கிரேட் லேக்ஸ் மலையேற்றத்துக்கு ஆகஸ்டில் போக நானும் என் மனைவியும் முன்பணம் கட்டியிருக்கிறோம். எனக்கு வயது 48, பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று ஏஜென்டிடம் கேட்டால், “டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், எங்களிடம் ஆக்சிஜன் இருக்கிறது, முடியாவிட்டால் கீழே இறக்கிவிடுவோம்” என்கிறார். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அவர் சொன்ன மூன்றையும் நம்பி அல்ல.

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் அது பெரிய தடையில்லை. ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், மலையில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதை. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நடை தொடங்கும் சோனமர்க் 2,700 மீட்டர் வாக்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அன்றைக்கே நிச்னாய் முகாமில் ஏறக்குறைய 3,500 மீட்டரில் படுக்கவைக்கிறார்கள். சமவெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய உடம்புக்கு இது அதிகம். அதனால் சோனமர்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் தாஜிவாஸ் பனிப்பாறைப் பக்கம் ஏறிப் பார்த்துவிட்டு, படுக்கக் கீழே வந்துவிடுங்கள். அப்புறம் விஷன்சர் ஏரியில் ஒரு ஓய்வு நாள். செலவைக் குறைக்கச் சில ஏஜென்டுகள் முதலில் வெட்டுவது இந்த நாட்களைத்தான்.

டயமாக்ஸ் உடம்பு உயரத்துக்குப் பழகுவதைச் சற்று வேகப்படுத்தும், அவ்வளவுதான். வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். அது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. உங்கள் பிரஷர் மாத்திரையும் அதே வகையாக இருக்கலாம். அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல. ஆக்சிஜன் என்று அவர் சொல்வது சிலிண்டரா, ஸ்ப்ரே டப்பாவா என்றும் கேளுங்கள். டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இப்போது அந்த மூன்றாவது வாக்குறுதி. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. எந்த மலையிலும் இதுதான் சரி. இந்தப் பாதையில் மட்டும் அதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம். நிச்னாய் முகாமில் முடியாமல் போனால் வந்த வழியே சோனமர்க் இறங்கிவிடலாம். மறுநாள் 4,000 மீட்டர் உயரமுள்ள நிச்னாய் கணவாயைத் தாண்டி விஷன்சருக்குப் போய்விட்டீர்களா, கதை மாறிவிடுகிறது. பின்னால் நிச்னாய், முன்னால் அதைவிட உயரமான காட்சர் கணவாய். ஏரித் தண்ணீர் வடியும் வடக்குப் பக்கம் எல்லையோரத்துக் குரேஸ் பள்ளத்தாக்கு, அது உங்களுக்கான வழியல்ல. ஆக, இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும், அதுவும் நோயோடு. கங்காபல் ஏரிக்கு வந்துவிட்டால், நடை முடியும் நாராநாக்குக்கு இறங்குபாதை இருக்கிறது. இடைப்பட்ட நாட்கள்தான் சிக்கல். காட்சரில் நோயாளியை வைத்துக்கொண்டு யோசிப்பதைவிட நிச்னாய் முகாமிலேயே முடிவெடுங்கள். காலையில் தலைவலியோடு குமட்டலும் இருந்தால் கணவாய் ஏறாதீர்கள். “நடக்க நடக்கச் சரியாகிவிடும்” என்று வழிகாட்டி சொன்னாலும் சரி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை விரலோடு சேர்த்துவைத்து நேர்க்கோட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ, இறங்குவதை மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

அப்படி உடனே இறக்கத்தான் ஆள் வேண்டும், குதிரை வேண்டும். உங்களிடம் பணம் வாங்குபவர் ஒருவர், ஸ்ரீநகரில் குழுவை எடுத்துக்கொள்பவர் இன்னொருவர், மலையில் கூட வருபவர் மூன்றாமவர் என்று இருப்பது சகஜம். மூன்றாமவரை முதலாமவர் பார்த்தே இருக்கமாட்டார். மலையில் குழுவை நடத்துபவர் யார், அவர் எங்கே முதலுதவி படித்தார், அவசரத்துக்கென்று ஒரு குதிரை குழுவோடு கடைசிவரை வருமா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் ஏரிப் பாதையில் மோசமான வானிலையில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். விபத்து நடந்தால் விசாரணை, அறிக்கை எல்லாம் வரும். அதற்கு முன் தட்டிக்கேட்க ஆளில்லை. உடல்தகுதிச் சான்றிதழ் ஒன்று கேட்பார்கள். நாடிகூடப் பிடிக்காமல் கையெழுத்தாகி வரும் அந்தக் காகிதம் யாரைக் காப்பாற்றுகிறது தெரியுமா? ஏஜென்டை.

வழியில் ராணுவச் சோதனை உண்டு, அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை ஒரே நேரத்தில் மூடினார்கள். அப்படிப் பாதை மூடப்பட்டால் உங்கள் முன்பணம் திரும்ப வருமா, அல்லது “அடுத்த வருஷம் வாருங்கள்” என்ற கூப்பன்தானா என்பதை மீதிப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.