படம் காட்டுவதும் ஒரு தொழில்தான், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்து என்னிடம் நெடுநேரம் பேசினீர்கள். திருச்சியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரிக் கூடத்தில் குறும்படங்களைத் திரையிடுவதிலேயே கருத்தாக இருக்கிறாள் என்பது உங்கள் கவலை. “படம் எடுத்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், யாரோ எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுவது ஒரு வேலையா?” என்று கேட்டீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாதென்று அன்று ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொன்னேன். அவை உங்களுக்கு உதவமாட்டா என்பதால் இப்போது வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் வற்புறுத்தும் பெங்களூரு எம்.பி.ஏ. வேண்டாம். நீங்கள் ஓய்வுபெற மூன்று ஆண்டுகளே இருக்கும்போது, 14 லட்சம் ரூபாய்க்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன். மைத்துனரின் மகனுக்கு அந்தப் படிப்பில் விருப்பம் இருந்தது. அவர் சேர்ந்தார், வேலைக்கும் போனார். உங்கள் மகள் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வங்கித் தேர்வு, பி.எட். போன்றவற்றை நீங்களே நன்கு அறிவீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் தேநீர் அருந்தச் சென்றிருந்தபோது அவள் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அதில் ஒரு திரையிடலுக்கான படவரிசை இருந்தது: ஆறு படங்கள், மொத்தம் 78 நிமிடங்கள். வசனமே இல்லாத 7 நிமிடப் படத்தை முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டு, ஒரு சாவு வீட்டைப் பற்றிய 22 நிமிடப் படத்துக்கு அடுத்ததாக வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அந்தப் படம் முடிஞ்சதும் யாராலயும் உடனே இன்னொரு பேச்சைக் கேட்க முடியாது சார்” என்றாள். ஐயா, திரைப்பட விழாக்களில் எந்தப் படங்களை எந்த வரிசையில் காட்டுவது என்று தீர்மானிக்கும் புரோகிராமர் என்ற பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் வேலையின் உயிர் இதுதான். இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த வேலை புரொஜக்டரை இயக்குவதோடு முடிவதில்லை. வந்து குவியும் நூற்றுக்கணக்கான படங்களைப் பொறுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு படத்தைக் கூட்டம் கூட்டிக் காட்டிவிட முடியாது. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கல்லூரிக்கு வெளியே பொதுமக்களுக்குத் திரையிடும்போது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றிதழ் குறித்த கேள்வியும் எழும். சப்டைட்டில் கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காலிக் கூடத்தில் கணீரென்று கேட்கும் ஒலி, ஆட்கள் நிறைந்ததும் அமுங்கிவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். படம் முடிந்தபின் பார்வையாளர்களைப் பேசவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இவற்றில் இதுவே மிகக் கடினம்.

பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் 1979இல் பல்கலைக்கழக மாணவர்களின் திரைப்படச் சங்கம் ஒரு குறும்பட வாரத்தை நடத்தியது. குறும்படங்களுக்கென்றே நடக்கும் உலகின் மிகப் பெரிய விழாக்களுள் ஒன்றாக இன்று விளங்குவது அதன் தொடர்ச்சிதான். நம் நாட்டில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமாக மும்பையில் 1990 முதலும், திருவனந்தபுரத்தில் 2008 முதலும் சர்வதேச விழாக்கள் நடந்துவருகின்றன. திருவனந்தபுரத்துக்குத் திருச்சியிலிருந்து நேரடி ரயில் உண்டு. அடுத்த விழாவுக்கு அவளை அனுப்புங்கள். பார்வையாளராக ஒருமுறை, வாய்த்தால் தன்னார்வலராக மறுமுறை. புனே திரைப்படக் கல்லூரியும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இணைந்து பல்லாண்டுகளாக நடத்தியிருக்கும் திரைப்பட ரசனைப் பயிற்சி சில வாரங்களே கொண்டது. அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கட்டும். முதுகலை படிக்க விரும்பினால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திரைப்படவியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை நீங்கள் கடன் வாங்காமலேயே கட்டிவிடலாம்.

வருமானத்தைப் பற்றி உங்களிடம் ஒளிக்க மாட்டேன். விழா வேலைகள் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தங்கள். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. கடன் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்: மாதத் தவணை கழுத்தைப் பிடித்தால் அவள் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள நேரும். விழா இல்லாத மாதங்களுக்காக அவள் சப்டைட்டில் மொழிபெயர்ப்பை இப்போதே முறையாகப் பழக வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கைவசம் இருப்பவளுக்கு அது இயல்பாகவே வரும். பல லட்சம் கேட்கும் தனியார் இயக்குநர் பயிற்சிக்கும் இதே பதில்தான், அவளே ஆசைப்பட்டுக் கேட்டாலும். அவளுக்கு நான் விதித்திருக்கும் நிபந்தனைகள் இரண்டு: இறுதிப் பருவத் தேர்வில் ஒரு தாளும் நிலுவையில் இருக்கக் கூடாது, ஒவ்வொரு திரையிடலுக்கும் படப்பட்டியல், அனுமதிக் கடிதங்கள், வந்தோர் எண்ணிக்கை, செலவு ஆகியவற்றைக் கோப்பாகச் சேர்த்துவர வேண்டும். நாளை வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் அந்தக் கோப்பே அவளுக்காகப் பேசும்.

அடுத்த திரையிடல் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்று சொன்னாள். நீங்களும் அம்மாவும் சென்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மைத்துனரிடம் நானே பேச வேண்டுமென்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், பேசுகிறேன்.