கணினிக் கேள்வி பதில்: திரையில் தெரியும் விடையும் திருப்பித் தரப்படும் விடையும்

கேள்வி: ஐயா, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கிறேன். தேயிலைக் கொழுந்தின் மொத்த நிறையிலிருந்து கழிவைக் கழித்து, நிகர நிறையைப் பிரின்ட் கட்டளையால் காட்டும் ஒரு சார்பை, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய செய்நிரல் துண்டை, பைதன் மொழியில் எழுதினேன். 24, 2 எனக் கொடுத்தால் 22 என்று சரியாகவே வருகிறது. காலை, பகல், மாலை நிறுவைகளுக்கு அச்சார்பை மூன்று முறை அழைத்து ஒரே வரியில் கூட்டினால் வழுச்செய்தி வருகிறது. ஏன்?
— மாணவி, ஹட்டன்

பதில்: உங்கள் கழித்தலில் பிழையில்லை, கழித்துப் பெற்ற எண்ணைச் சார்பு யாரிடம் கொடுத்தது என்பதில்தான் சிக்கல். பிரின்ட் அந்த எண்ணைத் திரையில் நமக்குக் காட்டுகிறதே தவிர, சார்பை அழைத்த வரிக்கு அதைக் கொடுப்பதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையை உரத்துச் சொன்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும். ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் செக்ரோல் என்னும் தோட்டச் சம்பளப் பதிவேட்டுக் கணக்கில் ஏறும். எழுதிக் கொடுக்கும் அந்த வேலையைச் செய்வது ரிட்டர்ன் கட்டளை.

ரிட்டர்ன் இல்லாத சார்பும் பைதனில் ஒன்றைத் திருப்பித் தரவே செய்கிறது. அது 'நன்' என்னும், எதுவுமில்லை எனக் குறிக்கும் தனிப் பெறுமானம். உங்கள் வரியில் முதல் இரண்டு அழைப்புகளும் தத்தம் எண்ணைத் திரையில் காட்டியபின், இரண்டு 'நன்'களைக் கூட்ட முயன்று செய்நிரல் நின்றிருக்கும். மூன்றாவது அழைப்பு நடந்தே இருக்காது. திரையை மீண்டும் பாருங்கள், வழுச்செய்திக்கு மேலே இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். பிரின்ட் உள்ள இடத்தில் ரிட்டர்ன் என மாற்றி, கூட்டுத்தொகையை மட்டும் சார்புக்கு வெளியே பிரின்ட் செய்யுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. ஒவ்வொரு வரியையும் தட்டச்சிட்டவுடன் இயக்கிக் காட்டும் பைதனின் ஊடாடு சாளரத்தில் ஒரு சார்பை நேரடியாக அழைத்தால், அது திருப்பித் தரும் பெறுமானத்தைச் சாளரம் தானாகவே காட்டிவிடுகிறது. 'நன்' வந்தால் மட்டும் எதையும் காட்டுவதில்லை. அதனால் பிரின்ட், ரிட்டர்ன் இரண்டும் அங்கே ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சார்புகளைப் பழகும்போது கோப்பில் எழுதிச் சேமித்து இயக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிட்டர்ன் நிறைவேறியதும் சார்பு அங்கேயே முடிந்துவிடும். பல நிறுவைகளை ஃபோர் கட்டளையால் கூட்டும்போது ரிட்டர்ன் வரியை உள்தள்ளி அதற்குள்ளேயே வைத்துவிட்டால், முதல் நிறுவை மட்டும் கூட்டப்பட்ட நிலையிலேயே விடை திரும்பிவிடும். இதற்கு வழுச்செய்தியும் வராது. பரீட்சையில் புள்ளிகளை இழக்கச் செய்வது இத்தகைய ஓசையற்ற பிழைதான். இஃப் கட்டளையின் ஒரு கிளையில் மட்டும் ரிட்டர்ன் எழுதி மறு கிளையை மறந்தாலும், அந்த வழியாகச் செல்லும் அழைப்புக்கு 'நன்' தான் கிடைக்கும்.

கேள்வி: ஒரு சார்பு இரண்டு பெறுமானங்களைத் திருப்பித் தர முடியுமா?
— ஆசிரியர், பண்டாரவளை

பதில்: பைதனில் ரிட்டர்னுக்குப் பின் இரண்டு பெறுமானங்களைக் காற்புள்ளியிட்டு எழுதலாம். உண்மையில் திரும்புவது அவ்விரண்டையும் கொண்ட டியூப்பிள் என்னும் ஒரே பொருள். அழைத்த இடத்தில் இரண்டு மாறிகளில் அதைப் பிரித்துப் பெறலாம். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பஸ்கால் மொழியிலோ, பெறுமானம் தரும் துணைச்செய்நிரலுக்கும் தராததற்கும் வெவ்வேறு பெயர்களே உண்டு. சார்பு தரவேண்டிய பெறுமானத்தைச் சார்பின் பெயருக்கே அங்கு ஒப்படைக்க வேண்டும். தொடக்க மாணவருக்கு அந்தக் கண்டிப்பு நன்மை செய்தது என்றே கருதுகிறேன்.

கேள்வி: பட்டியலைச் சோர்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி அதே மாறியில் இட்டால் பட்டியல் மறைந்துவிடுகிறதே?
— வாசகர், தலவாக்கலை

பதில்: சோர்ட் இருக்கும் பட்டியலையே மாற்றியமைத்துவிட்டு 'நன்' திருப்பித் தருகிறது, அந்த 'நன்'னைத்தான் மாறியில் இட்டீர்கள். புதிய பட்டியல் வேண்டுமானால் சோர்ட்டட் என்னும் சார்பைப் பயன்படுத்துங்கள்.