ராமேஸ்வரம் கரைக்கு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

(மண்டபம், பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தக் கரையிலேயே இருந்துகொண்டு வெளியூர்க்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போகிற ஒருவர் தரும் பதில்கள்.)

கேள்வி: மே விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறோம். குருசடைத் தீவுக்குக் கண்ணாடிப் படகில் போக ஆசை. போன ஆண்டு வந்த தோழியைக் காற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வானம் பளிச்சென்று இருந்ததாம். உண்மையான காரணம் என்ன? (கோவை வாசகி)

காற்றேதான் காரணம், அம்மா. வெயில் அடித்தால் கடல் அடங்கியிருக்கும் என்பது வெளியூர்க் கணக்கு. இங்கே கடல் இரண்டு: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். கோடை முற்றும்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிடும். செப்டம்பர் வரைக்கும் அதன் ஆட்சிதான். அந்த மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பியதும் எல்லாம் தலைகீழ்.

குருசடை தெற்கே இருக்கிறது. வனத்துறைப் படகு புறப்படுகிற குந்துகாலும் தெற்கு பார்த்த கரை. எனவே மே மாதப் பயணத்தை அந்தப் படகை நம்பித் திட்டமிடாதீர்கள். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை வந்தால் வாய்ப்பு அதிகம். படகு இல்லை என்றாலும் குந்துகால் வீண் போகாது. 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய இடம் அது. நினைவு மண்டபம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் பார்க்கிற நீலத்தையும் பவளக் காட்டையும் எதிர்பார்த்து வராதீர்கள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள்; மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி 2016 வெப்பத்தில் வெளுத்துப்போனது. ஆனால் கடற்புல் அசைகிற தரையும், பாறை இடுக்கில் நுழைந்து வெளியே வரும் சிறு மீன்களும் கண்ணாடிக்குக் கீழே தெரியும்போது பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கயாக் ஓட்டலாமா? (மதுரை, கல்லூரி மாணவர்)

தாராளமாக, தம்பி. மண்டபத்துக்கு மேற்கே பிரப்பன்வலசையில் கற்றுக்கொடுக்கிறார்கள். அது வடக்குக் கடல் கரை. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பல இடங்களில் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. காலை ஏழு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் காற்று ஏறினால் துடுப்பு போடுகிற கைக்குத்தான் வேதனை. உயிர்காப்பு அங்கியை வாரை இறுக்கிப் போடுங்கள். புகைப்படத்துக்காகத் தளர்த்திவிடுகிறவர்களை நான் படகில் ஏற்றுவதில்லை.

ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். அடியில் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு கேட்டு விலகிவிடும். மிதித்தால்தான் வால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: சொந்தக் காரில் தனுஷ்கோடி போகலாமா? அரிச்சல்முனையில் குளிக்கலாமா? (சென்னை வாசகர்)

போகலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் தத்தித் தத்திப் போகும் வேன்கள்தான். மாலையில் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். இரவில் தங்க அனுமதி இல்லை. சீக்கிரமே கிளம்புங்கள்.

குளிக்க வேண்டாம். இரண்டு கடலும் சேருகிற முனை அது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைக் கரையில் நிற்பவரால் கணிக்க முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போவதை உணரலாம். நீராட அக்னி தீர்த்தம் இருக்கிறது, நீந்த அரியமான் கடற்கரை இருக்கிறது.

முனையை மட்டும் தொட்டுவிட்டு ஓடிவராதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் சிதைந்த தேவாலயமும் ரயில் நிலையமும் வழியிலேயே நிற்கின்றன. அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவப் பெண்களிடம் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மணலில் சின்னதாக ஒரு ஊற்று தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல். ஊற்றிலோ நல்ல தண்ணீர்.

கேள்வி: படகு பிடித்து ராமர் பால மணல்திட்டுகளைப் பார்க்க முடியுமா?

முடியாது. எல்லைக் கடல் அது. அழைத்துப் போகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பூநாரைகள் எப்போது வரும்? (திருச்சி, பறவை ஆர்வலர்)

வாடைக் காலத்தில், பெரும்பாலும் மார்கழிக்கு மேல். கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் சாலையோரத் தேக்கங்களைக் கவனியுங்கள். வண்டியை விட்டு இறங்கிப் பறவைகளை நோக்கி நடக்காதீர்கள். கூட்டம் முழுவதும் எழுந்துவிடும், உங்களுக்கும் படம் கிடைக்காது, பின்னால் வருகிறவருக்கும் கிடைக்காது. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கரையில் கிடக்கும் பவளத் துண்டை மகள் எடுத்து வந்துவிட்டாள். தவறா?

தவறுதான். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. செத்த துண்டும் அதில் அடக்கம். திரும்பக் கடலில் போட்டுவிடச் சொல்லுங்கள். கடைத்தெருவில் சங்கு வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அலைச்சல் இல்லாமல் எதைக் காட்டலாம்? (சேலம் வாசகர்)

காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காட்டுக்குள் அலை எட்டாது, படகு ஆடாது. கொக்கும் நாரையும் பக்கத்திலேயே நிற்கும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் நண்டும் மீனும் சமைத்துத் தருவார்கள்.

பாம்பன் பாலத்தை ரயிலிலிருந்தே பார்க்கட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம். பின்னால் வரும் பஸ் ஓட்டுநர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், அவர்கள் வாயில் விழாதீர்கள். ரயிலில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால், ராமேஸ்வரம் போகும்போது தெரிவது ஆண் கடல்.